கார் ஷெட்டுக்குள் கோலம்

பானெட்டில் கை வைத்தேன். சுட்டது.

காலை ஒன்பது மணி. ராஜபாளையத்தில் ஒரு பெரிய வீட்டின் கார் ஷெட்டுக்குள் அப்போதுதான் நுழைந்திருந்தோம், நானும் என் மனைவி தங்கமும். வண்டியை விற்கிறவர் பெயர் வெங்கடபதி. எழுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் வெள்ளைத் துண்டு. வண்டி கருநீலம். துடைத்த துடைப்பில் என் முகம் எனக்கே தெரிந்தது. அந்த முகத்தில் கோபம் ஏறுவதும் தெரிந்தது.

“சார், வண்டிய எப்ப ஸ்டார்ட் பண்ணுனீக?”

“இப்பத்தான் ஃபிட்டர். கோயிலுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்தேன்.”

“எந்தக் கோயிலுக்கு?”

யோசித்தார். கோயிலுக்குப் போய் வந்தவன் எந்தக் கோயில் என்று யோசிக்க மாட்டான்.

“சரி, ஆறட்டும்” என்றேன். “செத்த நேரம் உக்காருவோம்.”

“எம்புட்டு நேரம்?”

“பானெட்டுல கைய வச்சா சுடாம இருக்கணும். அது வரைக்கும்.”

அந்தச் செத்த நேரம் நான்கு மணி நேரம் ஆயிற்று.

திங்கட்கிழமை காலை

முப்பத்திரண்டு வருடம் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவன் நான் என்பது இந்தத் தொடரைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் கண்ணில் பட்டது என்கிறவர்களுக்காக இன்னொரு முறை சொல்லிவிட்டேன்.

மில்லில் ஒரு மெஷினின் யோக்கியதை திங்கட்கிழமை காலையில்தான் தெரியும். வாரம் முழுக்கச் சூட்டில் ஓடும்போது எல்லா பேரிங்கும் நல்ல பிள்ளைதான். ஞாயிறு நிறுத்தி, ஆறவிட்டு, திங்கள் காலை சுவிட்சைப் போட்டால் தேய்ந்தது முனகும், காய்ந்தது கத்தும். நான் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கேட்பேன். டாக்டர் குழாய் வைக்கிற மாதிரிதான். அவருக்குக் காசு அதிகம், எனக்கு எண்ணெய் அதிகம்.

அதனால் பழைய கார் வாங்கப் போகிறவனுக்கு நான் சொல்லுகிற முதல் புத்தி இது: சூடாக வைத்திருக்கும் வண்டியைப் பார்க்காதே. ஒருவன் நீ வருவதற்கு முன்னால் எஞ்சினைச் சூடு பண்ணி வைத்திருக்கிறான் என்றால், குளிர்ந்த எஞ்சின் உன்னிடம் ஏதோ சொல்லிவிடும் என்று பயப்படுகிறான்.

ஆனால் நம் ஆட்கள் எதைப் பார்க்கிறார்கள்? ஹாரன் அடித்துப் பார்க்கிறார்கள். டயரைக் காலால் உதைக்கிறார்கள். டயர் என்ன செய்தது உன்னை? சீட் கவர் கிழியவில்லை என்றால் எஞ்சினும் கிழியவில்லை என்று நினைக்கிறார்கள். ‘டாக்டர் ஓட்டுன வண்டி’ என்று சொன்னால் போதும், அட்வான்ஸை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். டாக்டர் ஓட்டினால் கிளட்ச் தேயாதா?

எல்லாவற்றிலும் பெரிய பைத்தியக்காரத்தனம், ‘கம்மியாத்தான் ஓடியிருக்கு’ என்பது. வெங்கடபதியும் போனில் அதைத்தான் முதலில் சொன்னார். ஒன்பது வருடத்தில் இவ்வளவுதான் ஓடியிருக்கிறது என்று அவர் சொன்ன கணக்கை எங்கள் ஊர் மினிபஸ் இரண்டு மாதத்தில் ஓடிவிடும். ஓடுகிற மெஷின் தேயும். நிற்கிற மெஷின் அழுகும். ரப்பர் இறுகும், எலி ஒயரைத் தின்னும். இதைச் சொன்னால் என்னை ஏதோ வயிற்றெரிச்சல் பிடித்தவன் மாதிரிப் பார்க்கிறார்கள்.

ஒப்பந்தம்

அப்படியிருக்க எதற்கு அந்த வண்டியைப் பார்க்கப் போனாய் என்று கேட்பீர்கள். ஆசை. வேறென்ன?

மில் முதலாளிகளின் கார்களை நான் எத்தனையோ முறை பிரித்துக் கோர்த்திருக்கிறேன். கோர்த்து முடித்ததும் ஓட்டிக் காட்டச் சொல்லுவார்கள். மில் கேட் வரைக்கும் ஓட்டுவேன். கேட்டில் டிரைவர் நிற்பார். இறங்கிச் சாவியைக் கொடுத்துவிடுவேன். முப்பத்திரண்டு வருடம் கேட் வரைக்கும்தான். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டுகிற வண்டி ஒன்றை கேட்டைத் தாண்டி ஓட்டிவிட்டுச் சாக வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

ஓய்வு பெற்றபோது மில்லிலிருந்து மொத்தமாகப் பணம் வந்தது. ஒருமுறைதான் வரும் பணம். மடவார் வளாகத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மாடி கட்ட வேண்டும் என்றாள் தங்கம். கார் என்றேன் நான். எட்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. ஒன்பதாம் நாள் அவளே வந்தாள்.

“ஏங்க, ஒரே ஒரு வண்டி. நானும் வருவேன். அது தேறுச்சுன்னா வாங்கிக்கோங்க, நான் வாயத் தொறக்கல. தேறலைன்னா மாடி. பொறவு செத்தாலும் கார்ப் பேச்சு எடுக்கக் கூடாது.”

ஒத்துக்கொண்டேன். எனக்கு ஒரே ஒரு வண்டி, ஒரே ஒரு நாள். அதற்குத்தான் ராஜபாளையம் வரை ஸ்கூட்டரில் அவளை உட்கார வைத்துக்கொண்டு போனேன்.

கோவிந்தா வண்டி

தங்கம் இவ்வளவு கறாராக இருந்ததற்குக் காரணம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு வெட்கமில்லை.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு டீசல் வண்டி வாங்கினேன். அதுவும் சூடாகத்தான் இருந்தது. அவசரத்தில் ஆறவிடாமல் வாங்கிவிட்டேன். முதல் பயணமே புரட்டாசிச் சனிக்கிழமை, எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் திருவண்ணாமலைக்கு. குன்றின் மேல் பெருமாள் இருக்கிற எங்கள் ஊர்த் திருவண்ணாமலை. அன்றைக்குக் கூட்டம் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும்.

அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றது. பின்னால் நூறு வண்டி. பக்தர்கள் இறங்கித் தள்ளினார்கள். தள்ளும்போது சும்மா தள்ளக் கூடாதா? ஒருவர் “கோவிந்தா!” என்றார். மற்றவர்கள் “கோவிந்தா!” என்றார்கள். ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு கோவிந்தா. உள்ளே பட்டுச்சேலையில் தங்கம் தேர் அம்மன் மாதிரி உட்கார்ந்திருந்தாள். வேடிக்கை பார்த்தவர்களில் ஒரு கிழவி கையெடுத்தே கும்பிட்டுவிட்டாள்.

அடுத்த மாதமே அந்த வண்டியை விற்றேன். வாங்கினவரிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் விற்றேன், அதனால்தான் கால் விலை. தெருவில் இரண்டு வருடம் எனக்கு ‘கோவிந்தா ஃபிட்டர்’ என்று பேர். மெஷின் தெரிந்தவன் என்று மில்லில் வாங்கிய பேரை ஒரே சனிக்கிழமையில் தொலைத்தேன்.

சாவி

சரி, ராஜபாளையத்துக்கு வருவோம்.

வராந்தாவில் நாற்காலி போட்டார். காபி வந்தது. நல்ல காபி என்பதால் சந்தேகம் கூடிற்று. பத்து மணிக்கு வெங்கடபதி எழுந்தார்.

“ஏசிய மட்டும் போட்டு வைக்கேன் ஃபிட்டர். உள்ள உக்காந்து பாக்கும்போது குளுகுளுன்னு இருக்கும்லா.”

“எனக்கு வேர்க்காது சார். உக்காருங்க.”

பத்தரைக்கு மறுபடி எழுந்தார். பாட்டரி இறங்கிவிடுமாம். ஒன்றரை மணி நேரத்தில் இறங்குகிற பாட்டரி என்றால் அதற்கும் விலை குறையும் என்றேன். உட்கார்ந்தார்.

தங்கம்தான் பிரச்சினையை முடித்தாள். “சார், அந்தச் சாவி அழகா இருக்கே. கொஞ்சம் குடுங்க, பேத்திக்கு போட்டோ எடுத்து அனுப்புதேன்.” வாங்கினாள், படம் எடுத்தாள், தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். அவர் கைப்பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்.

நான் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தேன். சிமெண்டுத் தரையைத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். அது போதாதென்று வண்டிக்கு அடியில் கோலம்! வாசலில் கோலம் போடுவார்கள், பூஜை அறையில் போடுவார்கள். கார் ஷெட்டுக்குள், அதுவும் காருக்கு அடியில், எவனாவது கோலம் போடுவானா?

“லட்சுமி வர்ற இடம்லா” என்றார் வெங்கடபதி.

லட்சுமி எதற்கு எஞ்சினுக்கு அடியில் வருகிறாள் என்று கேட்க நினைத்தேன். தங்கம் என் காலை மிதித்தாள்.

ஒரு முடி கறுப்பு

அவரிடம் ஒரு நாய் இருந்தது. பெயர் ராணி. எங்கள் வட்டாரத்து நாயைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, ஒல்லி இடுப்பு. என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு ஒரு முறுக்குகூட வாங்க வக்கில்லை என்று தீர்மானித்துவிட்டது தெரிந்தது.

கார்ப் பேச்சில் தடுமாறிய மனுஷன் நாய்ப் பேச்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ராணியின் அம்மா, அம்மாவின் அம்மா, அது கவ்விய கள்ளன் என்று ஒரு மணி நேரம். கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

“ஒரு சொட்டு கலப்பு கெடையாது ஃபிட்டர். இது மேல ஒரு முடி கறுப்பு காட்டுங்க, வண்டியச் சும்மாவே தாரேன்!”

“தங்கம், கேட்டுக்கோட்டி” என்றேன்.

சாப்பாடு போட்டார். சாப்பிட்டோம். வெயில் ஏறியது. ராணி எழுந்து, சோம்பல் முறித்து, ஷெட்டுக்குள் போனது. தினமும் மத்தியானம் காருக்கு அடியில்தான் தூங்குமாம்; அங்கேதான் தரை குளிர்ச்சியாக இருக்குமாம்.

ஒரு மணிக்கு பானெட்டைத் தொட்டேன். ஆறியிருந்தது. “வாங்க சார்” என்றேன். எங்கள் சத்தம் கேட்டு ராணி அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தது.

அதன் தோளுக்குப் பின்னால், முதுகில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு.

எனக்குச் சத்தியமாக அப்போது அது என்னவென்று உறைக்கவில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்த எரிச்சல்தான் வாயைத் திறந்தது.

“என்ன சார், ஒரு முடின்னீக. இங்க ஒரு கத்தையே கறுப்பா இருக்கே. கலப்புதானா?”

வெங்கடபதியின் முகம் சிவந்தது. “யாரப் பாத்து என்ன சொல்லுதீரு? இது அழுக்குவே! முடி இல்ல!” தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை இழுத்து நாயின் முதுகில் பரபரவென்று தேய்த்தார். “பாரும்! நல்லாப் பாரும்! உள்ள வெள்ள! சுத்த வெள்ள!”

உண்மைதான். உள்ளே வெள்ளை. துண்டுதான் கறுத்துவிட்டது. பிசுபிசுவென்று, பளபளவென்று.

துண்டைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

தங்கம்தான் பேசினாள். “விடுங்க சார். நாய் சுத்தம். வண்டிதான் கலப்பு.”

நாயைப் படுக்க வைத்துப் பார்த்தது

துண்டை வாங்கி முகர்ந்தேன். எஞ்சின் ஆயில். காலையில் சூடு பண்ணியதன் பலன், ஆறும்போது சொட்டியிருக்கிறது. தரையில் விழ வேண்டியது ராணி மேல் விழுந்ததால் கோலம் தப்பித்தது.

வெங்கடபதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. மகன் வாங்கிய வண்டியாம். அவன் வெளிநாடு போய்விட்டான். இவருக்கு விற்கத் தெரியாது. சூடு பண்ணச் சொன்னது, கழுவச் சொன்னது எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்த யோசனை. கோலம் மட்டும் சொந்தக் கற்பனை.

“அடியில ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்குமே, எங்க?” என்று கேட்டேன்.

“வேகத்தடையில இடிக்குதுன்னு மெக்கானிக் கழட்டிட்டான்.”

நல்லது. தட்டு இருந்தால் ஆயில் அதில் ஓடி வேறெங்கோ சொட்டும். தட்டு இல்லையென்றால் கசிகிற இடத்துக்கு நேர் கீழேதான் விழும். கார் வாங்கலாமா வேண்டாமா என்பது இப்போது ஒரே கேள்வியில் நின்றது. கசிவு பின்னால், எஞ்சினும் கியர் பாக்ஸும் சேருகிற இடத்தில் என்றால், கியர் பாக்ஸை இறக்க வேண்டும். இந்த ஊரில் அதற்கு ஆளில்லை. நேரே மாடி. முன்னால் என்றால் வெறும் ரப்பர்.

“சார், நாய மறுபடி படுக்கச் சொல்லுங்க.”

“என்னது?”

“எப்பவும் படுக்குற மாதிரி. அதே எடத்துல.”

அவர் வீட்டில் தெலுங்கு. நாய்க்கும் தெலுங்குதான். “ராணி, பண்டுக்கோ” என்றார். ராணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடியில் போய், கோலத்தின் மேல், முன் சக்கரத்தைப் பார்த்துத் தலையை வைத்துப் படுத்தது. நான் டார்ச்சோடு பக்கத்தில் படுத்தேன். அது உறுமியது. நானும் உறுமினேன். கறைக்கு நேர் மேலே வெளிச்சம் அடித்தேன்.

முன்னால். ஆயில் ஃபில்டர் உட்காரும் கூட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர். நின்று நின்று இறுகிப்போன ரப்பர். நோய் இல்லை, வயசு.

தங்கம் கைப்பையைத் திறந்து சாவியைக் கொடுத்தாள். ஆறிய எஞ்சினை முடுக்கினேன். ஒரு சுற்றில் பிடித்தது. இந்த வண்டியில் ஆயில் பார்க்கக் குச்சியே கிடையாது, திரையில் காட்டுமாம். செய்தவனைத் திட்டிக்கொண்டே திரையைப் பார்த்தேன், அளவு சரி. ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து ஒவ்வொரு இடமாகக் கேட்டேன். ஆறு சிலிண்டரும் திங்கட்கிழமை காலையில் புது மெஷின் ஓடுவது மாதிரி ஓடின. டயர், பிரேக் எல்லாம் பார்த்தேன். டயரையாவது புதிதாக மாற்றியிருந்தார், புண்ணியவான்.

“தேறிருச்சு” என்றேன். தங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொன்ன சொல்லுக்காக வாயைத் திறக்கவில்லை.

விலை பேசினோம். ராணி முதுகுக்காக ஒரு நல்ல தொகை குறைந்தது. வெற்றிலைத் தட்டில் அட்வான்ஸை வைத்து மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

“ஓட்டிப் பாத்துட்டு வந்து மாத்திக்குவோமே” என்றார் அவர்.

நானும் மடையன் மாதிரி சரி என்றேன்.

கேட்டுக்கு வெளியே

ஊரைத் தாண்டி புது நான்கு வழிச் சாலைக்கு வந்தோம். நான் ஓட்ட, பக்கத்தில் வெங்கடபதி, பின்னால் தங்கமும் ராணியும். நாய் இல்லாமல் அவர் வண்டியில் ஏற மாட்டாராம்.

“நீங்க எம்புட்டுல ஓட்டுவீக சார்?”

“நாப்பது. அவசரம்னா நாப்பத்தஞ்சு.”

முன்னால் சாலை காலியாகக் கிடந்தது. மிதித்தேன்.

அரை நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு யாரோ முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளின மாதிரி இருந்தது. எஞ்சின் கத்தவில்லை, பாடியது. வெங்கடபதி “அய்யய்யோ, மெல்ல, மெல்ல” என்று மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்தார். நூறைத் தொட்டதும் காலை எடுத்தேன். வண்டி அசையாமல் நேராகப் போனது. பின்னால் தங்கம் “ஆத்தாடி” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து நான் கேட்டதில்லை.

“ஃபிட்டர்” என்றார் வெங்கடபதி. கைப்பிடியை விட்டிருந்தார். “இன்னொரு தடவ.”

இன்னொரு தடவை மிதித்தேன். சிரித்தார். பல் செட் கழன்றுவிடும்போல் சிரித்தார்.

“ஓரமா நிறுத்தும். நான் பாக்கேன்.”

நிறுத்தி இறங்கினேன். நான் போய்ப் பின் சீட்டில் நாயோடு உட்கார்ந்தேன். அவர் ஓட்டினார். முதலில் பயந்து, பிறகு பயப்படாமல், திரும்பி வரும்போது ரொம்பவே பயப்படாமல். வீட்டுக்குள் நுழைந்து, எஞ்சினை அணைத்து, ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“எம் மகன் ஏன் இம்புட்டு காசு போட்டு இத வாங்குனான்னு ஒம்பது வருசமா திட்டிட்டு இருந்தேன். இன்னிக்குத்தான் தெரியுது.” திரும்பி என்னைப் பார்த்தார். “ஃபிட்டர், நான் விக்கல.”

“சார், வெல பேசியாச்சு.”

“பேசியாச்சு.”

“பேச்சு மாறலாமா?”

“மாறக் கூடாதுதான். மாறிட்டேன்.”

நான் பேசியதை எல்லாம் இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். வெங்கடபதி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ஆனால் சாவியை மட்டும் மடியில் செருகிக்கொண்டார்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது தங்கம் ரொம்ப நேரம் சிரிக்காமல் தாக்குப்பிடித்தாள். வன்னியம்பட்டி விலக்கு தாண்டியதும் முடியவில்லை. “வண்டி நல்ல வண்டி, நல்ல வண்டின்னு அவருக்கு நீங்கதான நிரூபிச்சுக் குடுத்தீங்க” என்று என் முதுகில் முகத்தை வைத்துக் குலுங்கினாள்.

ரப்பர்

ஒப்பந்தப்படி மாடி வேலை தொடங்கினோம். புது அஸ்திவாரம் வேண்டாம், பழைய சுவரே தாங்கும் என்று கொத்தனார் சொன்ன வாரம் போன் வந்தது.

“ஃபிட்டர், அந்த ரப்பர் வந்துருச்சு. இங்க ஒருத்தன்கிட்டயும் குடுக்க மனசு வரல.”

“நான் எதுக்கு வரணும்? அது என்ன என் வண்டியா?”

“ஞாயித்துக்கெழம மட்டும் உங்க வண்டின்னு வச்சுக்கோங்களேன்.”

“மத்த நாளு?”

“மத்த நாளு என் வண்டி.”

போனை வைத்துவிட்டேன். தங்கம் சிமெண்டு மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். என்னவாம் என்றாள். சொன்னேன்.

“போயிட்டு வாங்க. மாடியும் ஆச்சு, காரும் ஆச்சு. எதுக்கு மூஞ்சியத் தூக்குதீங்க?”

வாக்கு மாறியவன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பது என் கொள்கை. அதை அவளிடமும் சொன்னேன். வெங்கடபதி மேல் எனக்கு இருக்கும் கோபம் இதை எழுதும் இந்த நிமிஷம் வரை கொஞ்சமும் குறையவில்லை. குறையவும் வேண்டாம். இன்றைக்குச் சனிக்கிழமை. ரப்பரை மாற்ற இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை சாலை காலியாக இருப்பது எட்டு மணி வரைதான். காலை ஐந்துக்கெல்லாம் கிளம்ப வேண்டும்.